அல்பெரிக்கா, பொலோனியா ஆசிரியர்களா? இடைக்காலக் கடிதக் கலையின் இரு வழிகள்

இடைக்கால ஐரோப்பாவில் லத்தீன் கடிதக் கலையைக் கற்பித்தவர்களில் முதலிடம் யாருக்கு என்ற வழக்கு, 11-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இத்தாலியின் மோந்தே கசீனோ மடத்தில் வாழ்ந்த பெனடிக்ட் சபைத் துறவி அல்பெரிக்குக்கும், அடுத்த தலைமுறையில் அதே நாட்டின் பொலோனியா நகரில் கற்பித்த ஆசிரியர்களுக்கும் இடையிலானது. 1863-இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் ராக்கிங்கர், 1135-ஐ ஒட்டி பொலோனியாவில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய ‘ரேஷனெஸ் டிக்டாண்டி’ என்ற கையேட்டை அல்பெரிக்கின் பெயரிலேயே பதிப்பித்துவிட்டதால், இருவரின் கருத்துகளும் நெடுங்காலம் ஒன்றோடொன்று கலந்தே படிக்கப்பட்டன. பிரித்துப் படித்தால் வேறுபாடு ஆழமானது என்பது விளங்கும்.

அந்தக் கையேட்டின்படி கடிதத்துக்கு ஐந்து உறுப்புகள்: விளி (எழுதுபவர், பெறுபவர் பெயர்களோடு வரும் தொடக்க வாழ்த்து), பெறுபவரின் நல்லெண்ணத்தைப் பெறும் முன்னுரை, செய்தி, வேண்டுகோள், முடிவுரை. அல்பெரிக்கோ ‘ஃப்ளோரெஸ் ரெட்டோரிசி’ என்ற நூலில், நீதிமன்றச் சொற்பொழிவுக்குப் பழைய ரோமானியர் வகுத்த முறையைத் தழுவி, தொடக்கம், செய்தி, வாதம், முடிவு என்கிறார். விளி இவற்றுக்கு முன்னே வருவது. இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தால் முக்கியமான மாற்றம் புலப்படும். அல்பெரிக் வாதத்தை வைத்த இடத்தில் பொலோனியா வேண்டுகோளை வைத்தது. மன்னருக்கோ ஆயருக்கோ (பிஷப்புக்கோ) விண்ணப்பம் எழுதுபவருக்கு வேண்டுகோள் போதும். நற்கருணை, அதாவது திருப்பலியின் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆவது, பற்றிய சர்ச்சையில் தூர் நகரத்து இறையியலாளர் பெரெங்கரை எதிர்த்து நூல் எழுதிய அல்பெரிக்குக்கு அது போதாது. தன் கூற்றை நிறுவியாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது.

விளியை அமைப்பதிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. எழுதுபவர் பெயர் எழுவாயாகவும் பெறுபவர் பெயர் நான்காம் வேற்றுமையிலும் வரும். இருவரில் உயர்ந்தவர் பெயர் முதலில் நிற்க வேண்டும். ஆகவே ஓர் ஆயர் தமக்குக் கீழுள்ள பாதிரியாருக்கு எழுதுகையில் தம் பெயரில் தொடங்குவார், பாதிரியார் ஆயருக்கு எழுதுகையில் ஆயரின் பெயரில் தொடங்குவார் என்பது பொலோனியா விதி. மாணவன் ஒரே நாளில் கற்றுப் பிழையின்றி எழுதலாம் என்பது அதன் பலம். அல்பெரிக்கின் அறிவுரை கேள்விகளாக வருகிறது: அனுப்புபவர் யார், பெறுபவர் யார், உயர்ந்தவரா எளியவரா, நண்பரா பகைவரா, எத்தகைய பின்னணி உடையவர்? இவற்றில் நட்பும் பகையும் எந்தத் தர வரிசையிலும் அடங்குவதில்லை. எழுதுபவர் தாமே எடைபோட்டுப் பார்த்தாக வேண்டும். அல்பெரிக் உவமை, உருவகம் முதலான அணிகளுக்கு இடம் ஒதுக்குவதும் அதனால்தான் என்று கருதுகிறேன்.

பொலோனியாவிலும் ஒத்த கருத்து இருக்கவில்லை. 1110-களில் நூல் எழுதிய அடால்பெர்ட்டுஸ் சமாரித்தானுஸ், அல்பெரிக்கின் நடை கரடுமுரடானது, முள் நிறைந்தது, விளங்காதது என்று சாடினார். பெறுபவரின் நிலைக்கேற்ப உயர்வு, நடு, தாழ்வு என்று மூன்று நடைகளை அவர் வகுத்தார். சில ஆண்டுகள் கழித்து அதே நகரத்தின் ஹூகோ, அல்பெரிக்கின் பக்கம் நின்று எதிர்த்து எழுதினார்.

அடால்பெர்ட்டுஸின் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அல்பெரிக்கின் நூல், லத்தீன் இலக்கியத்தில் ஏற்கெனவே ஊறியவருக்கு உரியது. மடாதிபதி தெசிதேரியுஸின் காலத்தில் செழித்திருந்த மோந்தே கசீனோவுக்கு அது பொருந்தியது. பத்திரம் எழுதுவோரையும் நகராட்சி எழுத்தர்களையும் விரைவாகப் பயிற்றுவிக்க வேண்டியிருந்த நகரத்துக்கு அது பொருந்தவில்லை. ஐந்து உறுப்புகள் ஆல்ப்ஸைக் கடந்து பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் பரவியதற்கு அவற்றின் எளிமையே காரணம். ஆனால் அல்பெரிக்கின் முறை மடத்துக்குள் முடங்கிவிட்டது என்பது சரியன்று. அவரிடம் பயின்ற கயேத்தா நகரத்து யோவான், திருத்தந்தையின் (போப்பின்) அலுவலகத்தில் பல்லாண்டுகள் செயலராக இருந்து, வாக்கிய முடிவுகளில் ஒழுங்கான சந்தம் அமையும் நடையை அங்கே நிலைநிறுத்தி, 1118-இல் தாமே இரண்டாம் ஜெலாசியுஸ் என்ற பெயரில் திருத்தந்தையானார்.

நாளைக் காலைக்குள் ஒரு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்றால் பொலோனியாக் கையேட்டைத்தான் எடுப்பேன். உடன்படாத ஒருவரைக் கடிதத்தால் இசையவைக்க வேண்டும் என்றால், வாதத்துக்கு இடம் வைத்திருக்கும் அல்பெரிக்கை விட்டால் வேறு வழியில்லை.