ஆறு மாதம் ஓடாத கார்: வாராவாரம் ஸ்டார்ட் பண்ணச் சொல்வதா, பேட்டரியைக் கழற்றி நிறுத்துவதா?

மகள் பிரசவத்துக்கென்று ஆறு மாதம் அமெரிக்கா போகிறவர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் நிறைய. கிளம்பும்போது கார் சாவி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்: "வாரத்துக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி உடு தம்பி." இருக்கிற வழிகளில் காருக்கு அதிகக் கெடுதல் செய்வது இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறுத்திய காரிலும் அலாரம், சென்ட்ரல் லாக், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம், ஆக 5 ஆம்பியர்-மணி போச்சு. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடினால் ஆல்டர்னேட்டர் 15 ஆம்பியர் கொடுத்தாலும் திரும்பி வருவது ஒன்றேகால்தான். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மாதத்துக்குள் படுத்துவிடும்.

அதைவிட மோசமானது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். சூடேறாத சைலன்சரில் அது குளிர்ந்து தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். கொஞ்சம் எரியாத பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலிலும் இறங்கும். பிஎஸ்-6 டீசல் என்றால் புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும்.

நம்பகமான, லைசென்ஸ் உள்ள ஆள் இருந்தால் சங்கதி வேறு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கோவையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கிணத்துக்கடவு போய் வரட்டும். ஆயில் நன்றாகச் சூடேறி ஈரம் ஆவியாகும், டயர் உருளும், பிரேக் டிஸ்க்கின் துரு தேய்ந்துபோகும். ஏசியைப் போட்டே ஓட்டச் சொல்லுங்கள், கம்ப்ரசர் சீல்கள் காயாது. டீசல் காரை இருபது நிமிடமாவது நிற்காமல், மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். இதுதான் முதல் தரம். அப்படி ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட்டே பண்ண வேண்டாம், முறையாக நிறுத்திவிடுங்கள்.

பேட்டரி: கழற்றுவதா, சார்ஜரில் போடுவதா?

முழுச் சார்ஜ் ஏற்றி (நின்ற நிலையில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது), 10 எம்எம் ஸ்பேனரால் நெகட்டிவ்வை மட்டும் கழற்றி ஒதுக்குவது செலவில்லாத வழி. ஆனாலும் பேட்டரி தானாகவே மெல்ல இறங்கும், வெயில் கூடக் கூட இன்னும் வேகமாக. கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது சார்ஜ் ஏற்றினால்தான் 12.4-க்குக் கீழே போகாமல் இருக்கும். போனால் தகட்டில் சல்பேட் படியும், பழைய திறன் திரும்பாது.

தானாகக் குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர் இதைவிட நல்லது, பிளக் பாயிண்ட் இருந்தால். கடைகளில் இருக்கிற பழைய பெட்டிச் சார்ஜரை மாதக்கணக்கில் விட்டுப் போகாதீர்கள், பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும். எந்த வழியானாலும் கழற்றுமுன் டிக்கி சாவியால் திறக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் கரண்ட் இல்லாமல் டிக்கி திறக்காது.

டேங்க்: முழுதாகவா, காலியாகவா?

ஆறு மாதம் வரை முழு டேங்க். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டேங்கில் காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரமும் குறையும். பம்ப் தானாக நின்றதும் போதும் என்று சொல்லுங்கள். கழுத்துவரை நிரப்பினால் வெயிலில் விரிந்து, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டருக்குள் போகும். பெட்ரோல் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றுவதாக இருந்தால் கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு முன்பே ஊற்றுங்கள், அப்போதுதான் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும்.

ஒரு வருடம் நிற்கப்போகிறது என்றால் நேர்மாறு: ஐந்தாறு லிட்டர் மட்டும் வைத்து, வந்ததும் புதிய பெட்ரோலை மேலே நிரப்புவது மேல். கார்புரேட்டர் வண்டியில் மிதவைக் கிண்ணத்தைக் கட்டாயம் வடித்துவிடுங்கள், இல்லையென்றால் பிசின் படிந்து ஜெட் அடைக்கும். டீசலுக்கு முழு டேங்க்தான், நிறுத்துமுன் ஃபில்டரின் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

டயரும் பிரேக்கும்

ஜாக்கி ஸ்டாண்டில் தூக்கி வைப்பது பலர் சொல்வது. ஆறு மாதத்துக்கு அது தேவையில்லை என்பது எங்கள் முடிவு. பாடிக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்தால் சஸ்பென்ஷன் தொங்கி ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டே நிற்கும். 40 பிஎஸ்ஐ காற்று போதும், டயர் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல். ஹேண்ட் பிரேக் மட்டும் வேண்டாம், பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. இயந்திர ஆயிலைக் கிளம்புமுன் மாற்றுங்கள், வந்த பிறகு அல்ல. பழைய ஆயிலின் அமிலம் ஆறு மாதம் பேரிங்கில் உட்கார வேண்டாம்.

எங்கே நிறுத்துவது?

அடுக்குமாடியின் கீழ்த்தளமா, அப்புச்சி தோட்டத்துச் சாளையா (தோட்டத்தில் இருக்கும் கொட்டகை)? கீழ்த்தளத்தில் வெயில் இல்லை, ஆனால் ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்குகிற இடமா என்று விசாரியுங்கள். சாளையில் காற்றோட்டம் நல்லது, பகை எலி. மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு மூட்டை ஒரே கூரைக்கடியில் இருந்தால் காரை அங்கே வைக்காதீர்கள். ஒரு ஒயர் கொத்தைக் கடித்துவிட்டால் மாற்றுவதற்கு மற்ற எல்லாச் செலவையும் விட அதிகமாகும்.

பானட்டுக்குள் புகையிலை, அந்துருண்டை வைக்கிறார்கள். வாசம் சில வாரத்தில் போய்விடும், அந்துருண்டை நாற்றம் ஏசியிலும் ஏறும். விஷக் கட்டி வைத்தால் எலி உள்ளேயே செத்து நாறும். தடுப்புதான் நிற்கும்: வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்று வழியிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் கால் அங்குலக் கண்ணுள்ள ஜிஐ வலை, சைலன்சர் வாயில் துணிச் சுருள். அடைத்தவற்றை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். பூட்டிய சாளை என்றால் பானட்டைத் திறந்தே வைக்கலாம், வெளிச்சம் படுகிற இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும்.

கவரில் தார்ப்பாய் கூடவே கூடாது. ஈரம் உள்ளே நின்று பெயின்ட் கொப்பளிக்கும். சாளைக்குள் பருத்தித் துணிக் கவர் போதும். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி (தேங்காய் நார்) மில் தூள் படிகிற இடமானால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், கவர் அவசியம். திறந்த வெளியில், காற்றாலை நிற்கிற பல்லடம், உடுமலை ஊர்களில், ஆடிக் காற்றில் படபடக்கும் கவர் புழுதியோடு சேர்ந்து பெயின்ட்டை உரசும். இறுக்கிக் கட்ட முடியாவிட்டால் வாக்ஸ் பூசி வெறுமனே விடுவதே மேல். கழுவுவது உப்புத் தண்ணீரில் வேண்டாம், வெள்ளைத் திட்டு படிந்தால் எளிதில் போகாது. கழுவியபின் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பிரேக்கை உலர்த்தியபின் நிறுத்துங்கள்.

இன்சூரன்ஸ் காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் நோ கிளெய்ம் சலுகை போய்விடும், தேதியைப் பார்த்துக் கிளம்புங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் பானட், பிறகு ஏர் ஃபில்டர் பெட்டி, கூடு இருக்கிறதா என்று. வலையையும் துணியையும் எடுங்கள். நெகட்டிவ்வை மாட்டி, சாவியை ஆன் செய்து மூன்று விநாடி, ஆஃப், மறுபடி ஆன்: பம்ப் பிரஷர் ஏறட்டும். அதன்பின் ஸ்டார்ட். காற்றைப் பழைய அளவுக்கு இறக்கி, தெருவுக்குள்ளேயே பத்தடி நகர்த்திப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தபின் ரோட்டுக்கு எடுங்கள். முதல் சில கிலோமீட்டர் டயர் தடதடத்தால் பயப்பட வேண்டாம், சூடேறினால் தணியும். இருபது கிலோமீட்டர் தாண்டியும் தணியாவிட்டால் டயர் கடைக்குப் போங்கள்.