கோட்டடி இனிப்புச் சேருக்கு நாலரை நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு சட்டத்தரணியைப் பற்றிய விமர்சனம், ஆனால் இதை வாசித்துவிட்டு நீங்கள் அவரிடம் வழக்குக் கொண்டுபோக முடியாது. மார்கழி மழையில் இரணைமடுக் குளத்துக் கதவு திறந்த கிழமை சேர் செத்துப்போய்விட்டார், போன ஞாயிறு முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்தது. பிறகு என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். ஐந்தாறு வருடத்துக்கு முன் நானே அவரிடம் கேட்டேன், "சேர், சாப்பாட்டுக் கடை, தகரக் கடை எல்லாத்துக்கும் இணையத்திலை நட்சத்திரம் போடுறன், உங்களுக்கும் ஒண்டு எழுதட்டோ?" என்று. மனிசன் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"டேய் கொப்பிக்காரா, சட்டத்தரணி விளம்பரம் செய்யக்கூடாது. நீ எழுதினா நான்தான் சொல்லி எழுதுவிச்சனெண்டு கோட்டைக் கழட்டிப்போடுவாங்கள். செத்தாப்பிறகு எழுது. அப்ப ஆக்கள் குவிஞ்சாலும் ஒரு சதம் வாங்கேலாது, குற்றமும் இல்லை."

விதி உண்மைதான், சட்டத்தரணிகளுக்கென்று உயர் நீதிமன்றம் 1988ல் செய்த ஒழுக்க விதிகள் இருக்கின்றன. ஆகவே சொன்ன சொல்லுக்கு எழுதுகிறேன். பெயர் போடவில்லை. கிளிநொச்சிக் கோட்டடியில், அதாவது நீதிமன்றச் சுற்றாடலில், இனிப்புச் சேர் என்றால் தெரியாதவர் குறைவு.

என்னைப் பற்றியும் ஒரு வரி. கோட்டடியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். உறுதி, பெர்மிட், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு எல்லாம் என் கண்ணாடிக்கு மேலே ஒருமுறை குப்புறப் படுத்துவிட்டுத்தான் நீதிபதிக்கு முன்னால் போகும். எந்தச் சட்டத்தரணி எத்தனை பக்கத்துக்கு எவ்வளவு வாங்குகிறார், யாருடைய கட்சிக்காரர் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறார், யாருடையவர் என் வாங்கில் இருந்து அழுகிறார் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். அதனால் நான் சொல்வது ஒரு வழக்கோடு வந்து போனவனின் கருத்து மட்டும் இல்லை.

அவருடைய அலுவலகம் ஓர் ஒற்றை அறை. தகரக் கூரை, ஒரு மின்விசிறி, அதுவும் சேரின் பக்கம் திரும்பாது, கட்சிக்காரர் பக்கம்தான் திருப்பிக் கட்டி வைத்திருந்தார். பைல்கள் இருந்தது யூரியாப் பையில். மேசையில் பெரிய கண்ணாடிப் போத்தல், அது நிறையத் தோடம்பழ இனிப்பு. யார் வந்தாலும், கொலை வழக்கென்றாலும் வேலி வழக்கென்றாலும், முதலில் ஓர் இனிப்பு. அவரிடம் கேட்டால், "வாயிலை இனிப்பு இருந்தா ஆள் கெதியாப் பொய் சொல்லமாட்டான், நாக்கு வேலையா இருக்கும்" என்பார். பகிடி என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவருடைய தொழிலே அதுதான். கோட்டுக்கு வருகிற சனம் பயந்துபோய் வரும், பயந்த சனம் தனக்குப் பாதகமான விஷயத்தை மறைக்கும், மறைத்ததை மற்றப் பக்கம் குறுக்கு விசாரணையில் தோண்டி எடுக்கும், வழக்குப் போய்விடும். சேர் முதல் பத்து நிமிடம் ஆளைச் சிரிக்க வைப்பார், பதினோராவது நிமிடம் ஆள் தானாகவே உண்மையைக் கொட்டும்.

மாங்குளம் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர், "ஐயா, வழக்கு வெல்லுமோ?" என்று அன்றைக்கு நாலாவது தடவை கேட்கிறார். நான் கொப்பியோடு நிற்கிறேன்.

"வரேக்கை முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிச்சனீங்களோ?"

"ஓம் ஐயா, ஒண்டு."

"அங்கைதான் பிழை. எதிராளி மூண்டு அடிச்சவனாம். கச்சான் விக்கிற மனிசி சொன்னது."

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிய, எல்லைக் கல்லைத் தானே ஒரு முழம் தள்ளிப் போட்டதையும் சொல்லிவிட்டார். வழக்குப் போடாமல் அடுத்த கிழமையே கல்லைத் திருப்பி நட்டார்கள். இந்த மாதிரி எத்தனை. அவரிடம் கிடைத்த நல்ல சேவை வழக்கை வென்று தந்தது என்று நான் சொல்லமாட்டேன். போடவேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதுதான் பெரிய சேவை, அதற்கு அவர் காசும் வாங்கியதில்லை.

என்னுடைய காணிக் கதையும் அப்படித்தான். 1996ல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது நாங்கள் புதுக்குடியிருப்புக்குப் போனோம். அங்கேயே வருடங்கள் ஓடி, பிறகு 2009, பிறகு செட்டிகுளம் முகாம், 2010ல் பரந்தனுக்குத் திரும்பி வந்தால் அப்பாவின் காணியில் ஒரு குடும்பம் இருக்கிறது. சமாதான காலத்தில், 2002ல் வந்து குந்தியவர்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆட்சியில் இருந்தால் காணி அவர்களுக்குத்தான் என்று ஊரில் எல்லாரும் சட்டம் படித்தவர்கள் மாதிரிச் சொன்னார்கள், காசு வாங்கிக்கொண்டு ஒரு சட்டத்தரணியும் அதையே சொன்னார் (வேறு ஊர், ஆளைச் சொல்லமாட்டேன்). 2017ல் சேரிடம் போனேன். அவர் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்தார். இந்தப் பக்கம் 1983 மே 1, அந்தப் பக்கம் 2009 மே 18. போரால் காணிப்பக்கம் வரமுடியாமற் போனவர்களுக்கு இந்த இடைக்காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, வழக்குப் போட ஒரு கெடுவும் உண்டு, கெடு இன்னும் முடியவில்லை என்றார். ஆக, அவர்களுடைய பதினைந்து வருடத்தில் எண்ணக்கூடியது எட்டுத்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்ப போடுவம் சேர்" என்றேன்.

"பொறு. முதல் போய்ப் பாப்பம்."

மோட்டார்சைக்கிளில் இரண்டு பேரும் போனோம், அவர் கறுப்புக் கோட்டோடு, சித்திரை வெயிலில். உறுதியில் வடக்கெல்லை பாலைமரம் என்று இருக்கிறது, மரம் இல்லை. சேர் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, பற்றைக்குள் இறங்கி, செருப்புக் காலால் தட்டித் தட்டித் தேடி, கறுத்துப்போன அடிக்கட்டையைக் கண்டுபிடித்தார். சத்தம் கேட்டு அந்த வீட்டு அம்மா வெளியே வந்தா. சேர் தண்ணீர் கேட்டார். தண்ணீரோடு கதை தொடங்கியது, அவர்கள் எங்கேயிருந்து எத்தனை தடவை ஓடினார்கள், மூத்த மகள் அந்த வருடம் உயர்தரச் சோதனை எழுதப்போகிறாள். திரும்பி வரும்போது பின் சீற்றில் இருந்து சொன்னார், "நீ வழக்குப் போட்டா வெல்லுவாய் தம்பி. ஆனா எத்தினை வருசம் இழுக்குமெண்டு முறிகண்டியானுக்கும் தெரியாது. பிள்ளை சோதினை எழுதட்டும், பிறகு எழும்புகினமாம். எழுத்திலை வாங்கித் தாறன்." வாங்கித் தந்தார். தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றிக்கொண்டு போக விட்டேன். எவ்வளவு சேர் என்று கேட்க, "வழக்கே நடக்கேல்லை, என்ன காசு? பெற்றோலுக்கு ஐந்நூறு தா" என்றார். பெற்றோல் அடித்தது நான். அதைச் சொன்னேன். "அப்ப அந்த ஐந்நூறு கோட்டுத் தோய்க்க."

அவர் சிரிக்காமல் இருந்து நான் கண்டது ஒருநாள்தான். அக்காவின் விஷயம். அத்தானை 2009க்குப் பிறகு காணவில்லை. அக்காவுக்குச் சீதனமாக வந்த காணி, அவவின் பெயரிலேயே உறுதி, ஆனாலும் வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. மகளின் படிப்புக்கு அதை விற்றே ஆகவேண்டும். கையெழுத்து வைக்கவேண்டிய ஆள் எங்கே? மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி எடுக்கலாம் என்று சேர் சத்தியக்கடதாசி தயார் செய்தார். அவருடைய அலுவலகத்தில் எழுத்துவேலை செய்கிற பெண் வேறு பைலில் இருந்து எடுத்துத் தட்டியதில் "இறந்துவிட்ட எனது கணவர்" என்று ஒரு வரி வந்துவிட்டது. அக்கா அந்த இடத்தில் பேனையை நிறுத்தினா. ஒன்றும் சொல்லவில்லை, பேனையை மூடி மேசையில் வைத்தா. மரணச் சான்றிதழ் எடுங்கோ, அலுவல் சுலபமாக முடியும் என்று எத்தனையோ பேர் சொல்லியும் எடுக்காத மனிசி அவ.

சேர் தாளை வாங்கி வாசித்தார். இரண்டாகக் கிழித்தார். "பிள்ளை, சட்டத்திலையே வேற சொல் இருக்கு. இருப்பிடம் தெரியாத கணவர். அது காணும், அதுக்கு மேலை ஒரு எழுத்தும் நாங்கள் சொல்லத் தேவையில்லை." புதிதாகத் தட்டினார்கள், அங்கே மை முடிந்துவிட்டது, என் கடையில்தான் எடுத்தோம். தாள் சூட்டோடு வர அவரே கையில் வாங்கி, அந்த வரியை இன்னொருமுறை விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் அக்காவிடம் கொடுத்தார். அன்றைக்கு ஒரு பகிடியும் இல்லை. இனிப்பு மட்டும் இரண்டு கொடுத்தார், ஒன்று மகளுக்கு.

சரி, முப்பத்தொன்றுக்கு வருகிறேன். வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிய, பந்தலுக்குக் கீழே கதிரைகள் தானாக வட்டமாகிவிட்டன. நீதிமன்றத்தில் நடந்த அஞ்சலியில் எல்லாரும் கறுப்புக் கோட்டோடு எழும்பி நின்று பேசினார்களாம், நான் உள்ளே போகவில்லை. ஆனால் இந்த வட்டத்தில் பேசியதுதான் அவரைப் பற்றியது என்று நினைக்கிறேன். இருபது வருடமாக அவருக்கு எதிர்ப்பக்கமே நின்ற ஒரு மூத்த சட்டத்தரணி, கோட்டுக்குள் இரண்டு பேரும் கடித்துக் குதறுவார்கள், வெளியே ஒரே சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்பார்கள், அவர் மாட்டு வழக்கைச் சொன்னார். சேரின் கட்சிக்காரருடைய மாடுகள் இரவில் வயலுக்குள் இறங்கிவிட்டன, குறி தெளிவாக இருக்கிறது, மறுக்க வழியில்லை. சேர் எழும்பி, "மாடு திண்ட நெல்லுக்குக் காசு குடுக்கிறம், மறுப்பில்லை. ஆனா இரவு முழுக்க அந்த வயலுக்கு என்ர கட்சிக்காரரின்ர மாடுகள் போட்ட எருவுக்குக் கழிவு வேணும்" என்றாராம். நீதவான் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியதாம். வெளியே போய்ப் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்ப, மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. சொல்லிக்கொண்டு வந்தவர் "எருவுக்கு அரை மூட்டை கழிச்சும் போட்டான்ரா" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

தெற்கிலிருந்து வந்து இங்கே வேலை செய்த ஒரு பொலிஸ் சார்ஜன், ஓய்வு பெற்றவர், மனைவியோடு பஸ் ஏறி வந்திருந்தார். "எனக்குத் தமிழ் ரிப்போட் எழுத வராது. அவர்ட ஆளுக்கு எதிரான கேஸ், அவர்தான் என்ட எழுத்துப் பிழை திருத்தித் தந்தார். பிறகு கூண்டில ஏத்தி என்னைக் கிழிச்சார். எழுத்துப் பிழை இல்ல, மற்றப் பிழை எல்லாம்."

மரை வத்தல் கதையை யார் சொன்னது என்று எழுதாமல் விடுகிறேன். காட்டிறைச்சி வழக்கில் வந்த ஒருவர் நன்றிக் கடனுக்குப் பையில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைக்க, சேர் பைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "இதை நான் காணேல்லை. கண்டா உன்ர வழக்கு ரெண்டாகிடும், ரெண்டாவதிலை நானும் எதிரி" என்றாராம். பை திரும்பிப் போனதா என்று சேரின் யூனியர் சட்டத்தரணித் தம்பியிடம் கேட்டேன். அவர் மழையைப் பற்றிப் பேசினார்.

இனி அரை நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்று சொல்லவேண்டும். போன் எடுக்கமாட்டார். பத்துத் தடவை அடித்தால் பதினோராவது தடவை எடுத்து, "நீதிமன்றத்திலை நிக்கிறன்" என்பார், பின்னால் தேத்தண்ணிக் கடைப் பாட்டுக் கேட்கும். பற்றுச்சீட்டு என்ற சாமானே கிடையாது. யூரியாப் பையில் இருந்து ஒரு பைல் எடுக்க முக்கால் மணித்தியாலம், ஒருமுறை ஒருவருடைய மூல உறுதி நெல் விலைக் கணக்குத் தாள்களுக்குள் இருந்து வந்தது. அடித்த கொப்பிக்கு எனக்குத் தரவேண்டிய காசு கடைசியாகப் பார்த்தபோது மூவாயிரத்துச் சொச்சம், கேட்டால், "நீயும் வழக்குப் போடு, உனக்கு நானே வந்து நிக்கிறன்." கட்சிக்காரர் பூசணிக்காய், தயிர், மொட்டைக்கறுப்பன் அரிசி என்று கட்டணத்துக்குப் பதிலாகக் கொண்டு வருவதை எல்லாம் வாங்கிக்கொள்வார், அதில் பாதி என் கடைக்கு வந்துவிடும், அதனால் கணக்கு ஒருவேளை நேராகத்தான் இருக்கும்.

அலுவலகம் மூடவில்லை. யூனியர் தம்பி நடத்துகிறார், சேரின் பழைய வழக்குகளை எல்லாம் தவணை தவறாமல் கொண்டுபோகிறார். போன் இரண்டாவது மணிக்கே எடுக்கிறார், பற்றுச்சீட்டுத் தருகிறார், யூரியாப் பைகள் போய் இரும்பு அலுமாரி வந்துவிட்டது. சேவை என்று பார்த்தால் இப்போதுதான் ஒழுங்கு. உயிரோடு இருக்கிற சட்டத்தரணி என்பதால் இவருக்கு நட்சத்திரம் போடமாட்டேன், விதி இருக்கிறது. ஆள் சிரிப்பது குறைவு. போத்தலை மேசையில் அதே இடத்தில் வைத்திருக்கிறார், ஆனால் இஞ்சி இனிப்பு நிரப்பி வைத்திருக்கிறார், எனக்கு அது உறைப்பு. எடுக்காமல் வந்தேன், கூப்பிட்டு ஒன்று கையில் வைத்துவிட்டார்.