ஐபோன் 16: போன் நல்ல போன்தான், மற்றதெல்லாம்தான் இடிக்கிறது

முதலில் விலையைப் பேசிவிடலாம், ஐபோன் என்றாலே நம் ஊரில் முதல் புலம்பல் அதுதானே. "ஸ்ரீபெரும்புதூரில் செய்கிற போனை அமெரிக்காக்காரனுக்குச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு நம் தலையில் மிளகாய் அரைக்கிறான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் பாதிதான் உண்மை. 2024 செப்டம்பரில் 16 வந்தபோது இங்கே 79,900 ரூபாய், அங்கே 799 டாலர். நம் விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 12,188 ரூபாய் அடக்கம்; அங்கே சொல்கிற விலைக்கு மேல்தான் மாநில வரி ஏறும். ஜிஎஸ்டியைக் கழித்தால் மிஞ்சுவது 67,700 சொச்சம். அன்றைக்கு டாலர் ஏறக்குறைய 84 ரூபாய், ஆக 799 டாலரும் கிட்டத்தட்ட அதேதான். இந்த மாடலில் கூடுதலாகப் போவது அரசாங்கத்துக்கு. இதன் அண்ணனான 16 புரோ வாங்கியவர்கள் தாராளமாகப் புலம்பலாம், 1,19,900-இல் வரியைக் கழித்த பிறகும் 999 டாலரைவிடப் பதினேழாயிரத்துக்கு மேல் நிற்கிறது.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். அந்த 12,188-இல் ஒரு ரூபாய்கூட நாம் குறைத்துக் கட்ட முடியாது. ஆனால் இதே ஆப்பிளின் அயர்லாந்துக் கம்பெனி ஒன்று 2014-இல் தன் ஐரோப்பிய லாபத்துக்குக் கட்டிய வரி 0.005 சதவீதம் என்று ஐரோப்பிய ஆணையம் 2016-இல் சொன்னது. பத்து லட்சம் யூரோவுக்கு ஐம்பது யூரோ! 1,300 கோடி யூரோ பாக்கியை வசூல் செய் என்று உத்தரவு போட்டால், வசூலிக்க வேண்டிய அயர்லாந்தே எனக்கு வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனது (இப்படி ஒரு வருமானவரி ஆபீஸ் நமக்கும் வாய்க்கக் கூடாதா). கட்ட வேண்டியதையெல்லாம் கட்டிவிட்டோம், இந்த லாபத்துக்கான வரி அமெரிக்காவுக்குச் சேர வேண்டியது என்பது கம்பெனியின் வாதம். 2024 செப்டம்பர் 10-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று முடித்துவைத்தது, ஐபோன் 16-ஐ மேடையில் காட்டிய மறுநாள். "ஓட்டை இருந்தா எவன் விடுவான்" என்பவர்களுக்கு ஒன்று: அது சட்டத்தின் ஓட்டை இல்லை, அயர்லாந்து கொடுத்த சலுகையே சட்டவிரோதம் என்பதுதான் தீர்ப்பு.

அப்புறம் விளம்பரம். 2024 மே மாதம் ஐபேட் புரோவுக்கு ஒரு விளம்பரம் வந்தது, பியானோ, கிடார், பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் ஒரு பெரிய இயந்திரம் நசுக்க, கடைசியில் மெல்லிசாக ஐபேட் வரும். ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு வைக்கிற ஆட்களுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? உலகம் முழுக்கத் திட்டு வாங்கி மன்னிப்புக் கேட்டார்கள். அதையாவது ரசனைக் கோளாறு என்று விட்டுவிடலாம். ஐபோன் 16-க்கு வந்ததை விட முடியாது. எப்போதோ சந்தித்த ஆளின் பெயரைக் கேட்டால் ஐபோனின் குரல் உதவியாளரான சிரி (Siri) சட்டென்று எடுத்துச் சொல்வதாகக் காட்டினார்கள், ஆனால் அந்த வசதி அப்போது போனில் இல்லை. 2025 மார்ச்சில் தாமதமாகும் என்று அறிவித்துவிட்டு விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள், அமெரிக்காவில் ஆப்பிள் மேல் வழக்கும் விழுந்தது. இன்னொரு பக்கம் பேனர் பேனராக "அந்தரங்கம்" என்று பெருமை. ஐபோனில் தேடினால் கூகுள் வர வேண்டும் என்பதற்காக 2022-இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. விளம்பரம் விற்றே பிழைக்கிற கம்பெனிக்கு வாசலைத் திறந்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு அந்தரங்கம் பேசுவது கொஞ்சம் ஓவர்.

சரி, போன்? கையில் பிடித்தால் 170 கிராம், சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. பேட்டரி எனக்கு இரவு வரை தாராளமாக நிற்கிறது, வீடியோவுக்கு இந்த விலையில் இதை அடிக்க ஆள் இல்லை என்பது என் கட்சி. ஓரத்தில் வைத்த புது கேமரா பட்டனை நான் தொடுவதே இல்லை. குறை என்றால் திரைதான்: இருபதாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டிலேயே 120 ஹெர்ட்ஸ் (திரை ஒரு நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும், அதனால் அசைவு வழுவழுவென்று தெரியும்) கிடைக்கும்போது எண்பதாயிரத்துக்கு 60 ஹெர்ட்ஸ் என்பது கஞ்சத்தனம். யூஎஸ்பி-சி வைத்தும் டேட்டா போவது பழைய யூஎஸ்பி 2 வேகத்தில். அந்த யூஎஸ்பி-சியே ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டதால் வந்தது. சார்ஜர் பெட்டியில் கிடையாது, 2020-லிருந்து அப்படித்தான்.

2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்ததும் 16-இன் விலையை 69,900 ஆக்கினார்கள். நல்ல விலை மாதிரித் தெரியும். ஆனால் 82,900 ரூபாய்க்கு வந்த 17-இல் 120 ஹெர்ட்ஸ் திரை, 128-க்குப் பதில் 256 ஜிபி. பதின்மூன்றாயிரம் வித்தியாசத்துக்கு 17-தான் லாபம். கார்டு தள்ளுபடியில் 16 அறுபதுக்குக் கீழே இறங்கினால் மட்டும் யோசியுங்கள், சிரி விளம்பரத்தை நம்பி மட்டும் வாங்காதீர்கள்.