தையல் அறைக்கு லைட் பைப்: போடலாமா?

மொட்டைமாடி வெளிச்சத்தைக் குழாய் வழியாக அறைக்குள் இறக்குவதுதான் லைட் பைப். நூலும் துணியும் நிறம் பார்த்துப் பிழைக்கிறவர்கள் தாராளமாகப் போடலாம். மற்றவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

என் தையல் அறை பெங்களூரு அல்சூரில், முதல் மாடியில். 30-க்கு 40 அடி மனை. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் செட்பேக் (மனை எல்லையை ஒட்டி விட வேண்டிய இடைவெளி) விடாமல் கட்டிவிட்டார்கள். என் ஜன்னலைத் திறந்தால் அவர்கள் சுவர். பட்டப்பகலிலும் எல்இடி எரிந்துகொண்டிருக்கும். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, நிறம்தான் ஏமாற்றும். விளக்கடியில் அச்சு அசலாக ஒத்துப்போன அரக்கு நூல், வெயிலில் பிடித்தால் பட்டின் மேல் பழுப்புக் கோடாகத் தெரியும். துணிக்குப் போட்ட சாயம் வேறு, நூலுக்குப் போட்ட சாயம் வேறு. ஒரு விளக்கில் சேர்ந்தது இன்னொரு விளக்கில் பிரிந்துவிடுகிறது. மலிவான எல்இடிகளில் அடர்சிவப்பு குறைவாக இருப்பதால் அரக்கும் மெரூனும்தான் அதிகம் மாட்டும். சிக்பேட் பட்டுக்கடையில் புடவையை வாசலுக்குத் தூக்கிவந்து பார்ப்பார்களே, அது சும்மா இல்லை.

லைட் பைப் என்பது எளிமையான சாமான். மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் குமிழ், அதற்குக் கீழே உள்பக்கம் கண்ணாடியாய்ப் பளபளக்கும் குழாய், சீலிங்கில் வெளிச்சத்தைப் பரப்பிவிடும் பால்நிறத் தட்டு. கரண்ட் கிடையாது. நான் வாங்கியது 14 அங்குல அகலம். குழாய் நேராகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். உள்சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளிச்சம் வீணாகும், வளைவு வைத்தால் இன்னும் போகும். பொருத்துகூலியோடு சேர்த்து ஆன செலவில் ஒரு செகண்ட்ஹேண்ட் ஜூக்கி மெஷின் வாங்கியிருக்கலாம். அது உறுத்தல்தான்.

காலை 10 மணியிலிருந்து 3 மணிவரை அறையில் விளக்கே தேவையில்லை. கருப்புத் துணியில் கருப்பு நூலால் ஹெம்மிங் போட முடிகிறது. இதற்கு மேல் ஒரு தையல்காரிக்கு என்ன சர்டிபிகேட் வேண்டும்? பெங்களூரு 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், குழாயில் வெளிச்சம் கொட்டும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். குழாய்க்குள் அங்கும் இங்கும் மோதி இறங்கும் வெளிச்சம் கண்ணுக்கே குறைவாகத் தெரிகிறது. ஜூலை மழை மூட்டத்தில் நூல் கோக்கலாம், நுணுக்கமான ஆரி எம்பிராய்டரி வேலைக்குப் போதாது. மாலை 5 மணிக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

சூடு பற்றிப் பலர் கேட்கிறார்கள். எதிர்வீட்டில் மாடிப்படிக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டிருக்கிறார்கள், மதியம் அந்தப் பக்கம் நிற்க முடியாது. இதில் அந்தத் தொல்லை இல்லை. திறப்பு சின்னது, மேலும் கீழும் மூடியிருக்கிறது. ஆனால் காற்றும் வராது.

பொருத்திய கடையைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. தளத்தில் கோர் கட்டிங் (மெஷினால் வட்டமாகத் துளை போடுவது) செய்யும் முன் கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லி நான்தான் என்ஜினியரைக் கூட்டிவர வேண்டியிருந்தது. ஓட்டையைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் சின்னச் சுவர் எழுப்பாமல் சிலிகானை அப்பிவிட்டுப் போனார்கள். மே மாதக் கோடைமழையில் தட்டின் ஓரமாகச் சொட்டியது. வெட்டிவைத்திருந்த ரவிக்கைத் துணி நனையாதது என் அதிர்ஷ்டம். பல போன்களுக்கு அப்புறம் வந்து செங்கல்லில் அந்தச் சுவரைக் கட்டி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து கொடுத்தார்கள். இதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பக்கத்தில் எங்கே பார்த்தாலும் கட்டுமான வேலை என்பதால் குமிழில் தூசி படியும். அடிக்கடி ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

என்ஜினியர் தம்பி அன்றைக்கே, “அக்கா, ஓடிஎஸ் விட்டுக் கட்டியிருந்தா இது தேவையே பட்டிருக்காது” என்றார். ஓடிஎஸ் என்றால் வீட்டுக்குள் வானம் பார்க்கத் திறந்துவிடும் இடம். வாஸ்தவம்தான். அண்ணன் மகளைப் பார்க்கப் பன்னர்கட்டா ரோடு ஐஐஎம்முக்கு ஒருமுறை போயிருந்தேன். கட்டிடக் கலைஞர் பி.வி. தோஷி வடிவமைத்த கட்டிடம். கருங்கல் சுவர், நீளமான நடைகள், மேலே சட்டம் சட்டமாகத் திறந்த கூரை. நடக்க நடக்கத் தரையில் வெயிலும் நிழலும் மாறிக்கொண்டே வரும். குழாயில் அந்த அழகு கிடைக்காது. நாள் முழுக்க ஒரே வெள்ளைத் தட்டுதான் தெரியும். புதிதாகக் கட்டுகிறவர்கள் பீரோ வைக்கும் இடத்தைக் குறைத்தாவது நாலடிக்கு நாலடி வானம் விடுங்கள், காற்றும் சேர்ந்து வரும். கட்டி முடித்த வீட்டில் ஓர் இருட்டு அறை மாட்டிக்கொண்டால் மட்டும் இந்தக் குழாய்.

படுக்கையறைக்குப் போடுவதாக இருந்தால் வெளிச்சத்தை மறைக்க உள்ளே ஒரு மூடி உள்ள மாடலாகக் கேளுங்கள், தனிக் காசு. மூடி இல்லாவிட்டால் மதியத் தூக்கம் போச்சு. அப்புறம், மேலே இன்னொரு மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் தொடவே தொடாதீர்கள். புது மாடி அறையின் நடுவே குழாயைக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் மூடிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஒரு மாடி போடலாம் என்று பேச்சை எடுத்திருக்கிறார். நான் இன்னும் சரி சொல்லவில்லை.