காலடியில் வெட்ஜா, காதுக்குள் இன்-இயரா?

கூட்டத்துக்கு எப்படிக் கேட்கிறது என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறோம். மேடையில் நிற்பவர்களுக்கு என்ன கேட்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, அதுவும் சவுண்ட் செக்குக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்தபிறகு. பாடகருக்குத் தன் குரல் கேட்கவில்லை என்றால், வெளியே எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வைத்தும் பயனில்லை. சுருதி விலகிய பாட்டைத்தான் அது துல்லியமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடி அலறியபோது, மேடை மானிட்டர் (வாசிப்பவர்களுக்கே அவர்கள் ஒலியைத் திருப்பிக் கேட்கவைக்கும் கருவி) என்று எதுவும் இல்லாமல்தான் பீட்டில்ஸ் வாசித்தார்கள். இன்று யாருக்கும் அந்தக் கஷ்டம் இல்லை. தரையில் சாய்த்து வைக்கும் வெட்ஜ் ஸ்பீக்கரா, காதில் செருகும் இன்-இயரா என்ற தேர்வுதான் மிச்சம்.

வெட்ஜின் பலம் அதன் எளிமை. பெரும்பாலும் 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர், உயர்ந்த ஒலிகளுக்கு ஒரு ஹார்ன், அவ்வளவுதான். பேஸ் நெஞ்சில் இடிக்கும், கிக் டிரம் காலில் தெரியும், கூட்டம் கைதட்டுவது தானாகவே காதில் விழும். ஒன்று செத்துப்போனால் பக்கத்து ஆளின் வெட்ஜை வைத்து ஒப்பேற்றிவிடலாம்.

தொல்லை, ஒலி ஏற ஆரம்பிக்கும்போது. கிட்டார்காரர் தன் ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியை) கொஞ்சம் ஏற்றுவார். டிரம்மர் இன்னும் அழுத்தி அடிப்பார். பாடகர் வெட்ஜைக் காட்டிக் கட்டைவிரலை மேலே தூக்குவார். சவுண்ட் இன்ஜினியர் ஏற்றுவார், வெட்ஜின் ஒலியையே மைக் திரும்ப வாங்கிக் கூவும். சத்தத்துக்கு நடுவே மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எழுதிவைத்தார். பாடகருக்கு மூன்றாவது பாட்டிலேயே தொண்டை கட்டுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். வெந்நீர் குடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

வெட்ஜ் எங்கே வைக்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம், அதனால் வெட்ஜ் நேர் எதிரே இருக்கலாம். முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக் அப்படி இல்லை. அது பின்பக்கத்தையும் கொஞ்சம் கேட்கும். மந்தமான இடம் முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 126 டிகிரியில், பின்பக்கவாட்டில் இருக்கிறது. வெட்ஜைச் சற்று ஓரமாகத் தள்ள வேண்டும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்த பிறகு, பாடகர் ஸ்டைலாக மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார். பின்பக்கத் துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையையும் கேட்க ஆரம்பித்துவிடும். அப்புறம் கூவாமல் என்ன செய்யும்? அதோடு, திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், கூவாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும். யாரும் பாடாத பின்னணிக் குரல் மைக்கை அணைத்து வைப்பது இலவச வைத்தியம்.

இன்-இயர் இந்தச் சண்டையை முழுக்கத் தவிர்க்கிறது. வெளிச்சத்தம் அடைபடுவதால் குறைந்த ஒலியிலேயே எல்லாம் தெளிவாகும். 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் (NIOSH) சொல்லும் வரம்பு. டிரம்ஸ் பக்கத்தில் நிற்பவர் அதைச் சில பாட்டுகளிலேயே தாண்டிவிடுவார். ஆனால் ஒன்று: காதில் செருகிக்கொண்டு அதே அளவுக்கு ஏற்றினால் இன்-இயரும் காதைக் கெடுக்கும்.

தாளத்துக்கும் லாபம் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 6 மீட்டர் தள்ளி இருக்கும் ஆம்பை மட்டுமே நம்பி வாசிப்பவருக்கு அது ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட் பிந்தித்தான் வரும். பெரிய மேடையில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து வேகம் இழுபடுவது இப்படித்தான். இன்-இயரில் எல்லாரும் சில மில்லிசெகண்டுக்குள் வந்துவிடுகிறார்கள். கிளிக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் ஒலிக்கும் தாளத் தட்டு) வைத்து வாசிக்கும் பேண்டுக்கு வேறு வழியே இல்லை.

சரி, குறை? மோசமான வெட்ஜ் மிக்ஸை (ஒருவருக்காகக் கலந்து தரும் ஒலிக்கலவையை) விட மோசமான இன்-இயர் மிக்ஸ் கொடுமையானது. வெட்ஜில் கிட்டார் குறைந்தால் ஆம்ப் பக்கம் ஒரு அடி நகர்ந்து சமாளிக்கலாம். காதை அடைத்தவருக்கு மிக்ஸில் இல்லாதது மேடையிலேயே இல்லை. சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கும். கூட்டம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் தோன்றும். உடனே பாடகர் ஒரு காதைக் கழற்றித் தொங்கவிடுவார். இது இரண்டு முறையிலும் உள்ள கெடுதல்களை ஒன்றாக வாங்கிக்கொள்வது: திறந்த காதில் டிரம்ஸ் அறையும், அதை மீறிக் கேட்க மற்ற காதில் ஒலியை ஏற்றுவார். கூட்டத்தை நோக்கி இரண்டு மைக் வைத்து அந்தச் சத்தத்தை மிக்ஸில் கலந்து கொடுத்தால் கழற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. வயர்லெஸ் என்றால் அலைவரிசை மோதலும் சேரும். யாரோ மைக்கைக் கீழே போட்டால் அந்த அடி நேரே காதுக்குள் இறங்கும், ஆகவே லிமிட்டர் (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் வசதி) இல்லாத செட்டைத் தொடவே வேண்டாம்.

என் கட்சி: எல்லாரும் ஒரே நாளில் மாற வேண்டியதில்லை, முதலில் டிரம்மர் மாறட்டும். பெரும்பாலான பேண்டுகள் பாடகரிடம் ஆரம்பிக்கின்றன, அது தலைகீழ். டிரம்மர் இடத்தை விட்டு நகர்வதில்லை, அவருக்கு வயர் போதும், செலவு குறைவு. டிரம்ஸை மீறிக் கேட்க வேண்டியிருப்பதால் மேடையிலேயே அதிகம் அலறும் வெட்ஜ் அவருடையதாகத்தான் இருக்கும்; அது போனாலே மற்றவர்களின் வெட்ஜைக் குறைக்கலாம். கிக் டிரம்மின் அதிர்வு இல்லையே என்று முனகினால், இருக்கைக்கு அடியில் பொருத்தி அதிரவைக்கும் ஷேக்கர் ஒன்று கிடைக்கிறது. அடுத்து கீபோர்டு. கூட்டத்தோடு பேசிப் பேசிப் பாடுகிறவர் கடைசியில் மாறினால் போதும், மாறாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

சின்ன அரங்கில் இந்தப் பாதி மாற்றமே பெரிய வித்தியாசம் காட்டும். வெட்ஜின் முதுகிலிருந்து கசியும் தாழ்சுருதி இரைச்சல்தான் முன்வரிசையில் பாட்டின் வார்த்தைகளை மூழ்கடிக்கிறது. திறந்தவெளிப் பெருமேடையில் அந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது.

வாங்கப் போகும் முன் மிக்சரைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து பேருக்கும் இடம், வலம் தனித்தனியாக ஸ்டீரியோ மிக்ஸ் வேண்டுமென்றால் பத்து ஆக்ஸ் அவுட் (மானிட்டருக்குத் தனி மிக்ஸ் அனுப்பும் வெளியீடு) தேவை. நான்குதான் இருக்கிறதென்றால் டிரம்மருக்கு இரண்டு ஒதுக்கிவிட்டு, மற்றவர்கள் வெட்ஜிலேயே தொடரலாம்.