பில் புரோகிராம் செய்ய ஆள் தேடுகிறவர்கள் படியுங்கள்: எனக்கு 18,000 போச்சு

18,000 ரூபாய். பாத்திரக் கடையில் அவ்வளவு லாபம் பார்க்க எத்தனை எவர்சில்வர் குடம் விற்க வேண்டும் தெரியுமா?

ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத் தரும் தளம் ஒன்றில்தான் கடைக்கு பில் புரோகிராம் எழுத இந்த ஆள் கிடைத்தார். கேட்டது சின்ன வேலை. பெயர், எடை, விலை அடிக்கக் கட்டங்கள், ‘சேமி’, ‘அச்சிடு’ என்று இரண்டு பட்டன். பைத்தான் என்கிற புரோகிராம் மொழி, டிகிண்டர் என்று ஏதோ சொல்லிப் பத்து நாளில் முடித்தார்.

வீடியோ காலில் திரையைக் காட்டினார். நானும் உஷாராகத்தான் இருந்தேன். “மூடிட்டு மறுபடி திற தம்பி” என்றேன். திறந்தார், பில் அப்படியே இருந்தது. பின்னால் கறுப்பாக இன்னொரு ஜன்னல் நின்றது. “அது சும்மாண்ணே” என்றார். அந்த ‘அண்ணே’வில் விழுந்தேன். “தளம் வழியா போட்டா கமிஷன் பிடிப்பாங்க” என்றதும் 18,000-ஐயும் நேராக ஜீபேயில் அனுப்பினேன். கிளிக் செய்தால் ஓடும் ஒரே ஒரு இஎக்ஸ்இ ஃபைல் வந்தது.

பகலெல்லாம் பில் ஓடும். ராத்திரி மூடிவிட்டுக் காலையில் திறந்தால் துடைத்துவிட்டது போலக் காலி. மூன்று நாள் கணக்கு, கடன் பாக்கியோடு.

“ஆன்டிவைரஸ் அழிக்குதுண்ணே.” எடுத்தேன். “ரீஸ்டார்ட் பண்ணுங்க.” பண்ணினேன். “வெளியூர்ல இருக்கேன்.” தளத்துக்காரர்களோ, பணம் வெளியே போனதால் பொறுப்பில்லை என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள்.

அக்கா மகன்தான் கண்டுபிடித்தான். பைத்தான் புரோகிராமை இஎக்ஸ்இ ஆக்கும் பைஇன்ஸ்டாலரில் ஒற்றை ஃபைலாகக் கட்டினால், திறக்கும்போதெல்லாம் உள்ளே இருப்பது டெம்ப் என்கிற தற்காலிக இடத்தில் ஒரு புது ஃபோல்டராக விரியுமாம். மூடினால் அந்த ஃபோல்டரே அழிந்துவிடுமாம். என் பில்களையும் அதற்குள்ளேயே எழுத வைத்திருக்கிறார் இந்த மகான்! அன்று காட்டியது இஎக்ஸ்இ-யே இல்லை, பைத்தானில் நேரடியாக ஓட்டியது. கறுப்பு ஜன்னல் அதுதான். கூத்து என்னவென்றால், செவ்வாய்க்கிழமை கரண்ட் போய்ப் பட்டென்று அணைந்ததில், அதுவரை போட்ட பில் மட்டும் ஃபோல்டரோடு அழியாமல் கிடந்தது.

சரிசெய்ய இரண்டு மூன்று வரி போதுமாம். ஆனால் அவர் எழுதிய மூல வரிகள், அதாவது சோர்ஸ் கோட், என்னிடம் இல்லை. கேட்டதற்கு, “அது தனி ரேட், 5,000” என்று மெசேஜ். அதற்கப்புறம் போனையே எடுப்பதில்லை. 18,000 வாங்கிய வாய்!

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. உங்கள் கம்ப்யூட்டரிலேயே இஎக்ஸ்இ-யை மூடித் திறந்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சோர்ஸ் கோட் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். தளத்துக்கு வெளியே பைசா அனுப்பாதீர்கள்.

கார்பன் வைத்த பில் புக் வாங்கி வந்துவிட்டேன். புதன்கிழமை அண்டா கடன் வாங்கிப் போனது யார் என்றுதான் இன்னும் ஞாபகம் வரவில்லை.