நீரிணை ஊரும் வாய்க்கால் ஊரும்: டெட்ராய்ட், ஷென்சென்

டெட்ராய்ட் என்ற பேருக்குப் பிரெஞ்சில் நீரிணை என்று அர்த்தம், நம் பாக் நீரிணை மாதிரி. ஷென்சென் என்றால் சீனத்தில் ஆழமான வாய்க்கால், வயல்களுக்கு நடுவே ஓடும் வகை. இரண்டும் எல்லை ஊர்கள். டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் விண்ட்சர்; ஷென்சென் ஆற்றுக்கு அக்கரையில் ஹாங்காங். தலையெழுத்து மட்டும் நேரெதிர்.

ஒன்று செத்த ஊர், மற்றது மீனவக் குப்பத்திலிருந்து முளைத்த ஊர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டுமே அரைகுறை. ஷென்சென் வெறும் குப்பமாக இருந்ததில்லை. பாவோஆன் மாவட்டத்தின் சந்தை ஊர், 1911 முதலே ரயில் நின்ற இடம். 1979-ல் மாவட்டம் முழுவதிலும் சுமார் மூன்று லட்சம் பேர். 1980-ல் அது சிறப்புப் பொருளாதார மண்டலமானது; 2020 கணக்கெடுப்பில் 1.75 கோடி பேர். டெட்ராய்ட்டில் 1950-ல் 18.5 லட்சம், 2020-ல் 6.4 லட்சம். ஆறு லட்சம் பேர் அடுப்பு மூட்டும் ஊரைச் செத்த ஊர் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

வாகனத்தில் இரண்டும் பங்காளிகள். ஹென்றி ஃபோர்டு 1913-ல் நகரும் உற்பத்தி வரிசையை ஓடவிட்டது டெட்ராய்ட் சூழ்ந்து நிற்கும் ஹைலண்ட் பார்க்கில். மறு வருஷமே எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் நாள் கூலி. ஷென்சென்னில் 1995-ல் பேட்டரி செய்யத் தொடங்கிய பிஒய்டி இன்று மின்கார் கம்பெனி. 2017 முடிவதற்குள் ஊரின் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. கார் இல்லாமல் ஊர் சுற்ற முடியுமா என்று கேட்டால், ஷென்சென் மெட்ரோ 2004-ல் தொடங்கி 500 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. டெட்ராய்ட்டில் 1987-ல் வந்த பீப்பிள் மூவர், நகர மையத்தை ஒரே திசையில் வட்டமடிக்கும் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான பாதை. இந்தப் போட்டியில் அலச ஒன்றுமில்லை.

வீட்டு விஷயம்தான் சுவாரஸ்யம். ஷென்சென்னில் அரசு வயல்களை எடுத்துக்கொண்டு, கிராமத்தாருக்கு வீட்டுமனைகளை விட்டுவைத்தது. அவர்கள் அந்த மனையில் ஆறு, ஏழு மாடி என்று ஏற்றி, அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். இந்த ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எதிர் ஜன்னல்காரரோடு கைகுலுக்கலாம். பேரே கைகுலுக்கும் கட்டடங்கள். சந்தில் நின்று நிமிர்ந்தால் ஒயர்களும் காயப்போட்ட துணியும்தான் தெரியும், பட்டப்பகலில் அறைக்குள் விளக்கு எரியும். தொழிற்சாலைக்கு வந்த பிள்ளைகளுக்குக் கட்டுப்படியான கூரை அது. பளபளக்கும் கோபுரங்களைவிட இந்தச் சந்துகள்தான் ஷென்சென்னை வளர்த்தன என்பது என் கணிப்பு.

டெட்ராய்ட்டில் நேர்மாறு: வீடு இருக்கிறது, ஆள் இல்லை. 360 சதுர கிலோமீட்டர் ஊர் சுருங்கவில்லை, வரி கட்டுபவர்கள்தான் மூன்றில் ஒரு பங்காகிவிட்டார்கள். குழாயும் சாலையும் பழைய நீளத்துக்கே பராமரிக்க வேண்டும். 2013-ல் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு மாநகராட்சி திவால் மனு போட்டபோது, தெருவிளக்குகளில் ஐந்தில் இரண்டு எரியவில்லை. பக்கத்து வீடு இடிந்து காலி மனையாகக் கிடந்தால், அதை 100 டாலருக்கு வாங்கித் தோட்டம் போடலாம் என்று, ஊரின் காலி மனைகளைக் கவனிக்கும் நில வங்கி ஒரு திட்டமே வைத்திருக்கிறது.

ஆலை மூடினால் ஊர் வற்றும், சரி. ஆனால் 1941-ல் எய்ட் மைல் சாலையருகே எழுப்பிய சுவரையும் பார்க்க வேண்டும். ஆறடி உயரம், அரை மைல் நீளம். பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு இருப்பதால் வெள்ளையருக்குக் கட்டும் வீடுகளுக்கு அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நடுவே சுவர் வைத்தார் கட்டுமானக்காரர், கிடைத்துவிட்டது. அந்தக் கடன் உத்தரவாதத்தோடு வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், கடைகளும் வரியும் பின்னாலேயே போயின. சுவர் இன்னும் நிற்கிறது, ஒரு பகுதியில் வண்ண ஓவியங்களோடு.

ஷென்சென்னிலும் வேலி இருந்தது. மண்டலத்துக்கும் மற்றப் பகுதிக்கும் இடையே சுமார் 85 கிலோமீட்டர்; சீனர்களே உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். 2018-ல் முறைப்படி எடுத்துவிட்டார்கள். ஆனால் ஹூகோ என்ற குடும்பப் பதிவு முறையை எடுக்கவில்லை. ஊர்க்காரர்களில் பாதிக்கு மேல் அங்கே பதிவில்லாதவர்கள். பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் தேடும்போது அது தெரியவரும். கைகுலுக்கும் கட்டடங்களும் இடிபடுகின்றன. சுமார் ஒன்றரை லட்சம் பேர் குடியிருந்த பைஷிசோவைக் காலி செய்யும் வேலை 2019-ல் தொடங்கியது.

ஆக, சம்பாதிக்க என்றால் யோசிக்காமல் ஷென்சென். தங்கிக் கிழவனாக என்றால் நான் டெட்ராய்ட்டுக்கே ஓட்டுப் போடுவேன், பேருந்துக்குக் காத்துக் கிடந்தாலும் பரவாயில்லை. 1913-ல் திறந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து 1988-ல் கடைசி வண்டி கிளம்பியது. அப்புறம் முப்பது வருஷம் பாழாய்க் கிடந்தது, அதில் பல வருஷம் ஜன்னல் கண்ணாடிகூட இல்லாமல். 2018-ல் ஃபோர்டு அதை வாங்கிச் சீர்செய்து, 2024 ஜூனில் திறந்தது. வாங்கிய செய்தி வந்த சில நாட்களில், பேர் சொல்லாத ஒருவரிடமிருந்து தகவல் வந்தது: நிலையத்திலிருந்து இருபது வருஷத்துக்கு முன்பு திருடுபோன கடிகாரம் இன்ன இடத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்தால், எரிந்துபோன ஒரு மெத்தையில் சாய்ந்தபடி இருந்தது கடிகாரம்.